வேலுவின் இங்கிலீஷ் கேசட்

போன வாரம் அடி அண்ணாமலையில் ஒரு சாவு வீட்டில் கிடார் அலறியது. கிரிவலப் பாதையில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று, வீட்டையும் வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கல்யாண வீடு என்று நினைத்திருப்பார்கள் போல. அப்புறம் பந்தலுக்குள் கிடத்தியிருந்தவனைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்கள்.

கிடந்தவன் என் சிநேகிதன் வேலு. மஞ்சள் காமாலை. இரண்டு மாதம் படுக்கையில் இருந்தான்... போய்விட்டான். முப்பத்து மூன்றெல்லாம் போகிற வயதா, நீங்களே சொல்லுங்கள்?

இந்தப் பக்கத்தில் வழக்கமாக உங்களைச் சிரிக்க வைக்கத்தான் பார்ப்பேன். இந்த வாரம் என்னால் முடியவில்லை.

எழுபதுகளின் நடுவில் நானும் வேலுவும் திருவண்ணாமலையில் ஒரே காலேஜ். அப்போது ஆசிரமத்துக்கு வந்து தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரருக்கு வேலுதான் தினமும் சைக்கிளில் போய்ப் பால் ஊற்றுவான். அவர் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு எல்.பி. ரெக்கார்டை இவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அட்டையில் முடி வளர்த்த நாலு பேர், யாருடனோ சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். எந்தக் குழு, என்ன ஆல்பம் என்று கேட்டு எழுதாதீர்கள். எங்களுக்கு அது 'வேலு ரெக்கார்டு'. அவ்வளவுதான்.

ரெக்கார்டு சரி, போட்டுக் கேட்க மிஷின்? மைக் செட் நாகப்பனிடம் போனோம். கல்யாணம், காதுகுத்து, திருவிழா — எல்லாவற்றுக்கும் அவர் செட்தான். அவர் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. எங்கே செட் போட்டாலும் முதலில் பிள்ளையார் பாட்டு.

"வெள்ளக்காரனா இருந்தா இன்னா? புள்ளையாருக்கு அப்புறந்தான்" என்றார்.

பிள்ளையார் முடிந்ததும் ரெக்கார்டை மாற்றினார். டிரம்ஸ் ஆரம்பித்தது. பிறகு கிடார்... வேலு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். பாதி வார்த்தை புரியவில்லை. புரிந்தால்தான் பிடிக்குமா என்ன? கோயிலில் கேட்கிற மந்திரமெல்லாம் புரிந்தா கேட்கிறோம்?

டேப் ரெக்கார்டர் வந்த காலத்தில் நாகப்பனே அதைக் கேசட்டில் பிடித்துக் கொடுத்தார். வழக்கப்படி முதலில் பிள்ளையார், அப்புறம் வெள்ளைக்காரன்.

அதற்குள் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்திருந்தோம். இரண்டு பேர் பஸ் கண்டக்டர் ஆனார்கள். ஒருவன் வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டான். நான் இங்கிலீஷ் வாத்தியாராகி வெளியூர் போனேன். வேலு நிலத்தோடு நின்றுவிட்டான். ஆனாலும் தீபத்துக்கு எல்லோரும் வந்துவிடுவோம். மத்தியானம் வேலுவின் பம்ப்செட் கொட்டகையில் கூடி, மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேசட்டைப் போடுவோம். முதல் பக்கம் உசத்தியா, இரண்டாம் பக்கம் உசத்தியா என்று வருஷா வருஷம் சண்டை. புதிதாக எத்தனையோ குழுக்கள் வந்தன, போயின. நாங்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

தந்தி கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் ஒரே தகராறு. தன்னை எடுப்பதற்கு முன்னால் அந்தக் கேசட்டைப் போட வேண்டும் என்று வேலு அம்மாவிடம் கேட்டிருக்கிறான். வேறு எதுவும் கேட்கவில்லையாம்.

"சாவு ஊட்ல இன்னாத்துக்கு இங்கிலீஷ் பாட்டு? ஊரே சிரிக்கும்" என்று அவன் சித்தப்பா எகிறினார்.

வேலுவின் அம்மா கண்ணம்மா மகனின் தலைமாட்டை விட்டு அசையவில்லை.

"சிரிக்கறவங்க சிரிக்கட்டும். எம்புள்ள கேட்டுட்டுப் போனது. போடுங்க."

நாகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசட்டைச் செருகினார். வால்யூமைத் திருகினார். தெரு முழுக்க — பிள்ளையார் பாட்டு!

சாவு வீட்டில் பிள்ளையார் பாட்டு போடலாமா? பறையடித்துக் களைத்து உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திடுக்கிட்டு எழுந்துவிட்டார்கள். நாகப்பன் பாய்ந்து நிறுத்தினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். கேசட்டை முன்னால் ஓடவிட்டார். அவசரத்தில் ரொம்ப தூரம் ஓட்டிவிட்டார். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில் போய் நின்றது.

எங்கள் ஐந்து பேருக்கும் உயிரான பாட்டு அது. இனி நாலு பேர் என்று எழுத வேண்டும், எழுத வரவில்லை. வீட்டை விட்டுக் கிளம்புகிற ஒருவன் பாடுவது. நான் போகிறேன், கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்காதே, என்னைத் தேடாதே என்கிறான்.

கண்ணம்மா என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"இன்னா சொல்றான் தம்பி, அந்தப் பாட்டுல?"

வகுப்பில் எத்தனையோ கடினமான கவிதைகளுக்கு அர்த்தம் சொன்னவன் நான். பெற்றவளிடம், அந்த நேரத்தில், 'தேடாதே' என்று எப்படிச் சொல்வது?

"அம்மாவப் பாக்க சீக்கிரம் வந்துடறேன்னு பாடறாம்மா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை மட்டும் விடவில்லை.

"தேடாதன்னுதானே பாடறான்? நீ அர்த்தம் சொன்னதா எம்புள்ள எங்கிட்ட சொல்லிட்டாம்பா. படுக்கைல கெடந்தப்போ இதத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டான்... அவன் தப்பாச் சொல்லியிருக்கக் கூடாதான்னுதான் உன்னக் கேட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறுதல் சொல்லப் போன நான் அழ, மகனைப் பறிகொடுத்தவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"பரவால்ல தம்பி. நீ சொன்னதையே வெச்சிக்கறேன்."

இங்கிலீஷ் தெரிந்த வாசகர்கள் யாராவது அடி அண்ணாமலைப் பக்கம் போனால், தயவுசெய்து அந்த அம்மாவிடம் திருத்தம் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.