சவரக் கத்தியும் தனியார் பென்ஷனும்

இடது கைக்காரனுக்கு இந்தத் தொழில் சரிப்படாது என்று சொன்ன முதலாளியிடமே முடி வெட்டக் கற்று முடித்தான். ஏற்கெனவே இரண்டு சலூன் இருந்த தெருவில் மூன்றாவதாகக் கடை போட்டு, அந்த இரண்டு கடைக்காரர்களையும் தன்னிடமே தலையைக் கொடுக்க வைத்தான். கத்தரிக்கோலைக் கண்டாலே அலறும் பிள்ளைகளும் அவன் நாற்காலியில் தூங்கிவிழுந்தன. தம்பியின் வெற்றிகளை அக்கா இப்படித்தான் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் வரிசையாகச் சொல்வாள். பென்ஷனில் சேர்ந்த கதையைத்தான் கடைசிக்கு வைத்திருப்பாள்.

நாற்பது வயதில் அவனுக்கு மணிக்கட்டு வீங்கியது. கடை பூட்டிக் கிடந்த நாட்களில் சல்லிக்காசு வரவில்லை.

"கை நின்னா காசும் நின்னுடுதுக்கா. வயசானா என்ன பண்றது?"

"நான் இருக்கேன்ல?"

"நீ எனக்கு மூத்தவ. உன் முட்டி எனக்கு முன்னாடி ரிட்டயர் ஆயிடும்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அவள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் போர்வை மடிப்பவள். ஓய்வு பெற்றால் அங்கிருந்து ஏதோ வரும். சொந்தக் கடைக்காரனுக்கு யார் கொடுப்பார்கள்? அவனே பார்த்து ஒரு தனியார் பென்ஷனில் சேர்ந்தால்தான் உண்டு.

"இந்த மாசம் கட்டினா அடுத்த மாசமே வந்துடுமா?" என்று முதல் ஏஜெண்டிடம் கேட்டான். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றோடு நேராகக் கேட்பதை விட்டான். அடுத்தடுத்து வந்த ஏஜெண்டுகளை நாற்காலியில் சாய்த்து, நுரை பூசி, கத்தி தொண்டைக்குழிக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"வருஷத்துக்கு என்ன கட்டணம் எடுப்பீங்க?"

"மெதுவா மாஸ்டர். ரெண்டு சதவீதம்... சேர்க்கைக் கட்டணம் தனி."

அந்தத் தனி, விளம்பரத் தாளில் எங்கும் இல்லை.

இவ்வளவு விவரமாக இருந்தவன் பளபளப்பிடம் சறுக்கினான். அது கடையில் ஒரு ஏஜெண்டுக்கு வைத்த பெயர். அவர் திட்டத்தில் தொடர்ந்து மூன்று மாதம் கட்டத் தவறினால், கட்டியதில் பாதி போய்விடும்.

"நல்ல மனுஷன்கா. தலையை எவ்வளவு ஒழுங்கா வச்சிருக்கார் பாரு. கணக்கையும் அப்படித்தான் வச்சிருப்பார்."

மடித்துக்கொண்டிருந்த துண்டை அக்கா கீழே வைத்தாள். "அந்தத் தலையை வெட்டினது யாருடா?"

தம்பி கொஞ்சம் யோசித்தான். "நான்தான்."

"உனக்கு நீயே மார்க் போட்டுக்கிட்டு, பணத்தை அவர்கிட்ட குடுக்கப் போறியா? மறுபடியும் கை வீங்கிக் கடையைப் பூட்டினா?"

மறுவாரம் இருவரும் வேறொரு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலர் அம்மாவின் தலைமுடி பறந்துகொண்டிருந்தது. தம்பிக்குக் கை பரபரத்தது.

"கட்டணம் முக்கால் சதவீதம். முடியாத மாசம் நிறுத்திக்கலாம், அபராதம் கிடையாது. ஆனா சந்தை இறங்கினா உங்க பணமும் இறங்கும். இவ்வளவு வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் அவர்.

"கத்தி இல்லாமலே உண்மை வருதுக்கா" என்று தம்பி காதைக் கடித்தான். கொஞ்சமாகத் தொடங்கி, வருமானம் கை கொடுக்கிறபடி கூட்டிக்கொள்வது என்று முடிவானது.

படிவம் வந்ததும் அக்கா பேனாவுக்குக் கை நீட்டினாள். கடை தொடங்கியபோது அவனுக்குப் பதினேழு வயது. வாடகை ஒப்பந்தம், மின்சாரம், வங்கிக் கணக்கு எல்லாம் அவள் பெயரில்தான். பிறகு அவன் பெயருக்கு மாற்ற அக்கா சொன்னபோதெல்லாம், "நீயே கையெழுத்து போட்டுடுக்கா" என்று நழுவிவிடுவான்.

"பென்ஷன் யாருக்குங்க?" என்றார் அந்த அம்மா.

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

தம்பி பேனாவை வாங்கி, ஒரு வேண்டாத தாளில் ஐந்தாறு முறை கிறுக்கிப் பார்த்தான். "கொஞ்சம் பெருசா போடட்டுமா?"

"கட்டத்துக்குள்ள நிக்கிற மாதிரி போடு, போதும்."

பெயரை முழுசாக எழுதி, கடைசி எழுத்தை மேலே சுழித்து நிறுத்தினான். அக்கா தாளைத் திருப்பி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். பிறகு அவள் சொல்லச் சொல்ல, அதன் கீழே தேதியையும் அவனே எழுதினான்: 12 செப்டம்பர் 2023.