இறக்கி வைக்காத பிஸ்கட் தட்டு

பெரம்பூர் வீட்டில் இன்று மகள் ஓவனைத் திறந்ததும் வந்த வெண்ணெய் வாசனை, ராயபுரம் கடலோரத்தில் சாலைக்காக இடிக்கப்பட்ட எங்கள் பழைய வீட்டுக்கு என்னை இழுத்துப் போனது. அங்கே ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், வெண்ணெயும் சர்க்கரையும் நுரைக்க நுரைக்கக் குழைத்து மைதா சேர்த்துப் பிசைந்த பிஸ்கட்டுகளை, மணல் பரப்பிய அலுமினியக் குண்டானில் வைத்து, மூடிமேல் தணலைக் கொட்டி அம்மா சுடுவாள்.

கடைசி வருஷம் அவள் சுட்டுக்கொண்டிருந்தபோது புல்டோசர் சந்துக்குள் வந்துவிட்டது. அப்பா பீரோவை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு தட்டு வெந்துகினு கீது சார், பத்து நிமிசம் குடுங்க,” என்று அம்மா அதிகாரியிடம் கெஞ்சினாள்.

“காலையிலிருந்து இதையேதானேம்மா சொல்றீங்க?” என்றார் அவர்.

உண்மைதான். ஒரு தட்டு வெந்ததும் அடுத்ததை உள்ளே வைத்துவிடுவாள். அடுப்பு எரிகிறவரை வீட்டைத் தொடமாட்டார்கள் என்று நம்பியிருக்க வேண்டும்.

கடைசியில் அப்பாதான் தணலில் தண்ணீர் ஊற்றினார். பாதி வெந்த தட்டை முந்தானையால் பிடித்தபடி அம்மா தெருவுக்கு வந்தாள். பின்னால் சுவர் சரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“கை சுடப்போவுது, கீழ வெய்யி,” என்றார் அப்பா.

“எங்க வெக்கறது?” என்றாள் அம்மா.