முத்தையா அண்ணன் போகாத யாத்திரை

போன செவ்வாய்க்கிழமை காலை முத்தையா அண்ணனின் மகள் சாந்தி தொலைபேசியில் அழைத்தாள். "ஐயா, அப்பா போயிட்டாருங்க." ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டு வைத்தேன். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. இனி அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச ஆளில்லை என்ற நிம்மதி. இப்படியும் ஒரு மனிதனா என்று அடுத்த நிமிடமே என்மேல் எனக்கு அருவருப்பு வந்தது.

தெஹியோவிட்டப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்தில் முத்தையா அண்ணனோடு பால் வெட்டிய உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பால் நிறுக்கும் இடத்தில், "வாளியில மழைத் தண்ணி விழுந்திருச்சுங்க, கழிச்சுப் போடுங்க" என்று தானாகச் சொன்ன ஒரே ஆள் அவர். அண்ணன் என்று இப்போதுதான் எழுதுகிறேன். உயிரோடு இருந்தவரை, என்னைவிட மூத்தவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். நான் ஆபீஸ் கிளாக்கர் அல்லவா!

வடக்கில் சண்டைக்குப் பயந்து சனம் ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மனைவி பார்வதியையும் பன்னிரண்டு வயது மகள் சாந்தியையும் கூட்டிக்கொண்டு இரத்தினபுரிவரை நடப்பதென்று அவர் முடிவு செய்தார். வழியிலுள்ள தோட்டத் தொழிலாளர் லயங்களில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வாங்குவது. இரத்தினபுரிக் கோயிலிலிருந்து லொறியில் அகதி முகாமுக்கு அனுப்புவது. பஸ்ஸில் போனால் என்ன என்று கேட்டேன்.

"பஸ்ஸுல போனா லயமெல்லாம் பின்னால ஓடிருமுங்க. நடந்தாத்தான் ஒவ்வொரு வாசல்லயும் நிக்கலாம்."

அவருக்கும் பார்வதிக்கும் அடையாள அட்டை இல்லை. தோட்டத்து முத்திரை குத்திய கடிதம்தான் அன்று எங்கள் சனத்துக்கு அட்டை. "உள்ளத உள்ளபடி எழுதுங்க கிளாக்கரய்யா" என்றார். அகதிகள் என்று எழுதி அதன்கீழ் கையெழுத்துப் போட, என்னையும் சந்தேகிப்பார்களே என்ற பயத்தில் எனக்குக் கை வரவில்லை. அப்போது சிவனொளிபாதமலை சீசன். குருவிட்ட வழியாக யாத்திரை போகும் குடும்பம் என்று சிங்களத்தில் எழுதிக் கொடுத்தேன். அவருக்குச் சிங்களம் சரளமாகப் பேச வரும், வாசிக்கத் தெரியாது. என்னை நம்பி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் ஒரு சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அவர் உண்மையைச் சொன்னார், கடிதம் வேறொன்றைச் சொன்னது. ஆபீசுக்குப் போன் வந்தது. "யாத்திரை என்றுதான் என்னிடம் சொன்னார்கள்" என்றேன். நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை.

மாலையில் அவர்களை பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். அரிசி சாவடியிலேயே நின்றுவிட்டது. அகதிகள் பெயரில் அரிசி வாங்கி மலைக்குப் போகப் பார்த்தவர் என்று கதை பரவியது. பால் நிறுக்கும் இடத்தில் ஒருவன், "என்ன முத்தையாண்ணே, அகதி அரிசி நல்லா வெந்துச்சா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வருடம் அவர் வீட்டு உலையில் போடும் அரிசியில் வேளைக்கு ஒரு பிடி எடுத்து வைத்து, மூட்டையாக்கி அந்தக் கோயிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். "வாங்கினது போய்ச் சேரணுமுங்க" என்றார். அதையும் பலர் நம்பவில்லை.

இழவு வீட்டில் சாந்தி அந்தக் கடிதத்தை என் கையில் தந்தாள். பின்னாளில் சிங்களம் படித்தபோது வாசித்துவிட்டாளாம்.

"நீங்க போன்ல சொன்னத சாவடி அதிகாரி சொன்னதும் அப்பா கடிதத்தத் திருப்பி வாங்கி மடிச்சாருங்க. அப்புறம், கிளாக்கரய்யா சொன்னதுதான் சரி, நான்தான் பொய் சொன்னேன்னுட்டாரு. வெளிய வந்து அம்மா அழுதாங்க. 'அவருக்கும் புள்ளகுட்டி இருக்கு, விடு'ன்னாரு."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. மாலையை வைத்துவிட்டுத் திருடனைப்போல் வெளியே வந்தேன்.

இந்த வருடமும் வடக்கில் அகதி முகாம்கள் நிரம்பிக் கிடக்கின்றன. அவர் இருந்திருந்தால் மறுபடி நடந்திருப்பார். அவருடையது என்று என்னிடம் இருப்பது இந்தக் கடிதம் மட்டும்தான். மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. கருமாதியன்று உங்கள் எல்லோர் முன்னாலும் இதை வாசிப்பேன். முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில், கடைசியாக அதன்கீழ் உள்ள என் பெயரையும்.