பிளாட்புஷ் சாலையில் ஏறிய வேன்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். வெர்னீஸுக்கு இது நடந்தது. அவளைப் பனியிலிருந்து தூக்கிய ரொட்டிக்கடைக்காரனிடம் நானே பேசியிருக்கிறேன். அதைச் சொல்லும்போது இன்றும் அவன் குரல் இறங்கிவிடுகிறது.

கரீபியன் கடலில் இருக்கும் டொபேகோ தீவிலிருந்து அக்கா மார்செலைப் பார்க்க நியூயார்க் வந்தவள் வெர்னீஸ். ஒரு பிப்ரவரி மதியம், புரூக்ளினின் பிளாட்புஷ் சாலையில் தனியாகக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பனி கொட்டத் தொடங்கியது. எல்லாத் தெருவும் ஒன்றுபோலத் தெரிந்தது. வழி தவறிவிட்டாள். அக்காவுக்குப் போன் போட்டாள். அவள் சிரித்தாள்.

"பஸ்ஸுக்கு நின்னா அங்கேயே உறைஞ்சு போவடி. நம்ம ஆளுங்க ஓட்டுற ஷேர் வேன் வரும், ஏறிக்க. எங்க இறங்கணுமோ அங்க கத்து. வாயைத் திறக்கலன்னா கடல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுருவான்!"

போனை வைத்து நிமிர்ந்தாள். எதிரே ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. வந்த சத்தமே கேட்கவில்லை.

"ஏறு ராசாத்தி. குளிர்ல என்ன வேடிக்கை?" என்றான் ஓட்டுநர். டொபேகோவுக்குப் பக்கத்துத் தீவான டிரினிடாட் பேச்சு. அவளுக்கு ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஏறிவிட்டாள்.

உள்ளே ஒரே ஒரு இடம்தான் காலி. எல்லோரும் அரைக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. வெளியே பனி... உள்ளே அரைக்கைச் சட்டை. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் ஓட்டுநரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னல் கண்ணாடியில் கை வைத்தாள். சுட்டது.

பின்னாலிருந்து ஒரு குரல். "நிறுத்துடா. என் தெரு போயிருச்சு."

"முன்னாடியே கத்தியிருக்கணும் மச்சான். நீ தூங்கினதுக்கு என்னைத் திட்டுறியா?"

பின்னால் இருந்தவன் எழுந்து வந்தான். இருபது வயதுதான் இருக்கும். கையில் வீல் ஸ்பேனர்.

ணங்!

ஓட்டுநரின் தலை ஸ்டியரிங்கில் மோதியது. மறுபடி... ணங்! ரத்தம் வெர்னீஸின் முகத்தில் தெறித்தது. சூடாக இருந்தது.

"ஐயோ, பிடிங்களேன்! கொல்றானே!"

ஒருவரும் அசையவில்லை. பக்கத்து இருக்கைப் பெண் மட்டும் மெல்லத் திரும்பினாள். முகத்தின் மறுபாதி கரிந்திருந்தது.

"எங்களால எந்திரிக்க முடியாதும்மா. உனக்குத்தான் உயிர் இருக்கு. நீ அடி."

வேன் தறிகெட்டு ஓடியது. அந்த ஆட்டத்தில் ஸ்பேனர் அவன் பிடியிலிருந்து நழுவி, அவள் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தாள். அவன் அவள் தொண்டையைப் பிடித்தான்.

அடித்தாள்.

எலும்பு நொறுங்குவது கையில் தெரிந்தது.

மறுபடி அடித்தாள்.

மறுபடி...

மறுபடி...

"போதும்," என்றது ஓட்டுநரின் குரல். "இறங்கிக்க."

ரொட்டிக்கடைக்காரன் ஓடிவந்தபோது அவள் தெருவோரப் பனியில் கிடந்தாள். வேன் எதுவும் வரவில்லை என்கிறான் அவன். நின்ற இடத்திலேயே கையை ஓங்கி ஓங்கிக் காற்றை அடித்தாளாம். பிறகு சாய்ந்துவிட்டாளாம். இறுகிய விரல்களைப் பிரிக்க இன்னொரு ஆள் உதவி வேண்டியிருந்தது. கைக்குள் ஒன்றுமில்லை. உள்ளங்கை முழுக்கத் துரு. முகமெல்லாம் ரத்தம். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வீட்டு ஓனர் ஆஸ்பர்ட் வந்தார்.

"விஷயம் தெரியுமா? அடுத்த தெருக் கிழவன் ரூபெல் செத்துக் கிடக்கான். பனி கொட்டிக்கிட்டிருந்தப்போ அலறல் கேட்டுதாம். மண்டை சுக்குநூறு."

"யாரு அடிச்சா?" என்றாள் மார்செல்.

"அதான் புரியல. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டபடி இருக்கு." ஆஸ்பர்ட் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடி, ஒரு கோடையில, இந்தச் சாலையில ஷேர் வேன் ஒண்ணு கவிழ்ந்து எரிஞ்சுது. டிரைவரை யாரோ அடிச்சிருந்தாங்க. எரியறதுக்குள்ள குதிச்சுத் தப்பினவன், அப்ப இருபது வயசுப் பையனா இருந்த இந்த ரூபெல் மட்டும்தான். அடிச்சது யாருன்னு சொல்ல வேற ஆள் மிஞ்சல."

மார்செல் கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"இப்ப அவன் செவுத்துல ரத்தத்துல ஒரு கை பதிஞ்சிருக்காம்," என்றார் ஆஸ்பர்ட். "பொம்பளைக் கைன்னு போலீஸ் சொல்றாங்க."

வெர்னீஸ் தன் வலது கையை மெல்ல மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டாள்.