மேடையில் கை கொடுக்க மறுத்தவள்

காக்ஸ் டவுனில் நான் வரலாறு நடத்திய பள்ளிக்கு அந்த வருடம் இரண்டு மாணவிகள் புதிதாக வந்தார்கள். இருவருக்கும் ஒரே வடகிழக்கு மலை மாநிலம். அங்கே ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த இரண்டு சமூகங்களைச் சேர்ந்தவர்கள். ஒருத்தி ஒன்பதாவது, என் வகுப்பு. மற்றவள் பத்தாவது. ஒரே பஸ்ஸில் வருவார்கள்; ஒருத்தி முன்னால் நிற்பாள், மற்றவள் கடைசி சீட்.

சமாதான நாள் விழாவுக்கு ஒரு வாரம் முன்பு பிரின்சிபால் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், ரெண்டு பேரும் ஸ்டேஜ்ல கை குடுக்கட்டும். கல்வி வந்தா சண்டை போயிடும்னு உங்க க்ளாஸ் பொண்ணு ரெண்டு வரி பேசட்டும். எழுதியே வச்சிருக்கேன்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா மேடம்?"

"கேக்க என்ன இருக்கு? நல்ல விஷயம்தானே!"

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தாளைக் கைநீட்டி வாங்கினேன். நான் செய்த கேவலம் அதுதான்.

மதிய இடைவேளையில் என் மாணவி அதைப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தாள். அவளோடு ஆங்கிலத்தில்தான் பேச முடியும்.

"எங்க ஸ்கூலை எரிச்சவங்க படிக்காதவங்கன்னு நினைக்கிறீங்களா மிஸ்? அங்கேயே படிச்ச சீனியர்ஸ். கெமிஸ்ட்ரி லேப் எங்க இருக்குன்னு தெரியும். முதல்ல அங்கதான் தீ வச்சாங்க."

"ரெண்டு வரிதானேம்மா. சொல்லிட்டு இறங்கிடு" என்றேன்.

தீ வைத்தவர்களில் ஒருத்தியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

விழாவில் பத்தாவது படித்த பெரியவள் கை நீட்டினாள். என் மாணவி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, என்னிடம் சொன்னதையே மைக்கில் சொன்னாள். பிரின்சிபால் சைகை காட்ட மைக் நின்றது. நீட்டிய கை கீழே இறங்கியது.

"எங்க ஊர் ஸ்கூல்ல இப்ப துப்பாக்கியோட ஆளுங்க படுத்திருக்காங்க. அதை யார்கிட்ட கேக்கறது?" என்று பெரியவள் கத்தினாள். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது.

"நீங்கதான் தூண்டி விட்டீங்க" என்றார் பிரின்சிபால், தன் அறையில்.

"தூண்டியிருந்தா பெருமைப்பட்டிருப்பேன் மேடம். நான் அவ வாயை அடைக்கத்தான் பார்த்தேன்."

மறுநாளே என்னை ஆறாம் வகுப்புக்கு மாற்றினார்கள். சின்னவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஓகே மிஸ்" என்றாள். அது மன்னிப்பு இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

பொதுத்தேர்வு முடிந்தபின் பெரியவள் லைப்ரரிக்கு வந்தாள். தன் பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைச் சின்னவளின் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சின்னவள் அவற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிரின்சிபாலிடம் மூச்சு விடவில்லை. தெரிந்திருந்தால் கேமராவோடு ஆள் அனுப்பியிருப்பார்.