செட்டிங் மாற்றாத கடைக்காரர்

எங்கள் கூத்து வீடியோவை இன்று சாயந்திரத்துக்குள் மேல்மலையனூர் பக்கம் ஒரு ஊருக்கு அனுப்பியாக வேண்டும். அதைப் பார்த்துத்தான் திருவிழாவுக்குக் கூப்பிடுவார்கள்.

கம்ப்யூட்டரோ ஊர்ந்தது. நேற்றுதான் செஞ்சி கடைக்காரர் ஒரு சாஃப்ட்வேர் போட்டு வேகத்தைக் கூட்டிக் கொடுத்தார். அங்கே பறந்தது. காலையில் சி.பி.யூ.வை மறுபடியும் மடியில் வைத்து பஸ் ஏறினேன்.

"இன்னாபா, உன் கடையில ஓடுது, எங்க ஊட்ல படுத்துக்குது?"

"ஆஃப் பண்ணீங்களாண்ணா?"

"இடி இடிச்சிது, பிளக்கயே புடுங்கிட்டேன்."

"அதான். சாஃப்ட்வேர்ல கூட்டுனது ஆஃப் பண்ணா போயிடும். பயாஸ்ல வெச்சாத்தான் நிக்கும்."

பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்னாலேயே முழித்துக்கொள்ளும் செட்டிங்காம்.

"அத நேத்தே வெக்கிறதுக்கு இன்னா?"

"சூடு தாங்குதான்னு பாக்காம அதுல வெச்சா, அப்புறம் மிஷினே தொறக்காதுண்ணா."

நியாயமாகத்தான் பேசினார். நியாயமாகப் பேசுகிறவர்களிடம்தான் எனக்குப் பயம். போன வருஷம் அப்படிப் பேசியவன்தான் கிழட்டு மாட்டை என் தலையில் கட்டினான். பல்லைப் பார்க்கவே விடவில்லை.

"ஊட்ல இத எங்க வெச்சிருக்கீங்க?"

"தூசு படக் கூடாதுன்னு வேஷம் கட்ற துணி வெக்கிற மரப்பெட்டிக்குள்ள."

தலையில் கை வைத்துக்கொண்டார். "பெட்டிக்குள்ள சூடேறித்தான் படுத்துக்குது. வேகமே கூட்ட வேணாம்ணா. வெளிய எடுத்து காத்துல வைங்க, போதும்."

வைத்தேன். மூன்று மணிக்கெல்லாம் வீடியோ போய்விட்டது.

ஒரு செட்டிங்கும் மாற்றாமல் என்னைத் திருப்பி அனுப்பிய கடைக்காரரை இந்த வயசில் இப்போதுதான் பார்க்கிறேன். இதில் அவருக்கு என்ன லாபம் என்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.