விளையாட்டு மைதானம் என்று அடித்தேன்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் தாம்பரத்துக்கு வாருங்கள், கட்டடத்தைக் காட்டுகிறேன். இது நான் யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை. என் கண் முன்னால், என் கைக்குக் கீழே நடந்தது.

என் பெயர் யூனிஸ். 1989-ல் எனக்கு இருபத்தாறு வயது. மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில், ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் சாம்பசிவன் சார் டிராயிங் ஆபீஸ் வைத்திருந்தார். மனை லேஅவுட், வீட்டு பிளான், சர்வே மேப் எல்லாம் வரைந்து கொடுப்போம். என் அப்பா கணக்கு வாத்தியார். இருட்டில் எதையாவது பார்த்து அலறினால், "போய்த் தொட்டுப் பாத்துட்டு வா" என்று திருப்பி அனுப்புகிறவர். அப்படி வளர்ந்தவள் நான்.

அந்த வருஷம்தான் சார் அந்த மெஷினை வாங்கினார். புது மெஷின். ஜெர்மன்காரன் தயாரிப்பு. டைப்ரைட்டர் போலத்தான் கட்டைகள் இருக்கும், ஆனால் பேப்பரை உள்ளே விட முடியாது. மெஷினையே தூக்கி வரைபடத்தின் மேல் வைக்க வேண்டும். எழுத வேண்டியதை அடித்தால் ஒரு சின்னக் கண்ணாடியில் தெரியும். சரியா என்று பார்த்துவிட்டு ஓரத்துக் கட்டையை அழுத்தினால், இங்க் பேனா செருகிய ஒரு குட்டிக் கை வெளியே வரும். கிர்ர்... டக். கிர்ர்... டக். ஒவ்வொரு எழுத்தாக அச்சு மாதிரி எழுதும். ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும்தான் அதற்குத் தெரியும்.

நவம்பர் மாதம். காலையிலிருந்து மழை. பிரிண்ட் எடுக்கும் சவுரிமுத்து அண்ணன், "டிரெயின் நின்னுட்டா பேஜாராய்டும்மா" என்று நாலு மணிக்கே கிளம்பிவிட்டார். சார் பார்ட்டியை அழைத்துவரப் போயிருந்தார். பார்ட்டி என்றால் அப்பாதுரை. வண்டலூர் தாண்டி வயல்களை வளைத்து மனை போடுகிறவர்.

"ஏழு மணிக்குள்ள அவரோட வந்துடுவேன். மேப் ரெடியா இருக்கணும் யூனிஸ்" என்று சார் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கோடெல்லாம் போட்டாகிவிட்டது. எழுத்து மட்டும்தான் பாக்கி. ரோடு அகலம், மனை எண், வடக்கு தெற்கு எல்லாம் மெஷின் மளமளவென்று எழுதிவிட்டது. கடைசியாகத் தென்மேற்கு மூலையில் ஒரு காலி இடம். குழந்தைகள் விளையாட்டு மைதானம்.

மெஷினை அந்த இடத்தில் வைத்தேன். PLAY GROUND என்று அடித்தேன். கண்ணாடியில் பார்த்தேன். சரியாக இருந்தது. கட்டையை அழுத்தினேன்.

கிர்ர்... டக்.

W என்று எழுதியது.

அப்புறம் E. அப்புறம் L. நின்றுவிட்டது.

WEL. கிணறு என்று எழுத வந்த மாதிரி இருந்தது. ஆனால் ஒரு எழுத்து குறைவு. ஸ்பெல்லிங் தப்பு.

முதல் நினைப்பு, கட்டை ஏதோ மாட்டிக்கொண்டது என்பதுதான். பாதி பிளேடை எடுத்து, மேப் வரைந்திருந்த டிரேசிங் பிலிம் தாளில் அந்த மூன்று எழுத்தையும் பதமாகச் சுரண்டினேன். மறுபடி அடித்தேன். கண்ணாடியில் PLAY GROUND. அழுத்தினேன்.

WEL.

சுரண்டிய அதே இடத்தில்.

மெஷினைத் தூக்கி ஒரு வேஸ்ட் பிலிமில் வைத்து, அதையே அடித்துப் பார்த்தேன். PLAY GROUND என்று அழகாக எழுதியது. திரும்ப மேப்பில் வைத்தேன்.

WEL.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை பயம் இல்லை. கோபம்தான். நாள் முழுக்க உழைத்த மேப் இது.

துடைக்கலாம் என்று கைக்குட்டையை வைத்தேன். நனைந்தது. இங்க் இல்லை... தண்ணீர். எழுத்துகளைச் சுற்றி முத்து முத்தாகத் தண்ணீர். மேலே பார்த்தேன். கூரையில் ஒழுகல் இல்லை. பிலிமைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் பலகை காய்ந்து கிடந்தது. கைக்குட்டையை முகர்ந்தேன். பாசி நாற்றம். வருஷக் கணக்கில் மூடிக் கிடந்த தண்ணீரின் நாற்றம்.

ஐந்து ஐம்பதுக்குக் கரண்ட் போனது.

தெரு முழுக்க இருட்டு. மெழுகுவர்த்தி ஏற்றினேன். மழைச் சத்தம் மட்டும்.

அப்புறம்...

கிர்ர்... டக்.

திரும்பினேன். மெஷினின் கண்ணாடி இருண்டிருந்தது. ஆனால் அந்தக் கை நகர்ந்துகொண்டிருந்தது.

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். ஒயர் என் கையில் தொங்கியது.

கிர்ர்... டக்.

மெழுகுவர்த்தியைக் கிட்டே கொண்டுபோனேன். கட்டைகள் தானாக அமுங்கின. ஒன்று... இன்னொன்று... தேடித் தேடி, மெதுவாக. ஒவ்வொரு கட்டை மேலும் ஈர விரல் அடையாளம்.

சின்ன அடையாளம். புளியங்கொட்டை அளவுதான்.

ஓடியிருக்கலாம். கதவு நாலடியில் இருந்தது. ஓடவில்லை. ஏன் என்று இன்றுவரை என்னைக் கேட்கிறார்கள். அது என் மேஜை. என் வேலை. நான் ஏன் ஓட வேண்டும்?

"யாரு?" என்று சத்தமாகக் கேட்டேன். "என்ன வேணும்? எழுதத் தெரியுது இல்ல? எழுது."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஈரக் கட்டைகளில் நானே அடித்தேன். WHO.

ஒன்றும் இல்லை.

மழை.

பிறகு...

A.

M.

M.

A.

மறுபடி AMMA. மறுபடி. மறுபடி. மெஷினே தானாக நகர்ந்து, வரி வரியாக மனைகள் மேல், ரோடுகள் மேல், எல்லைக் கோடு தாண்டி... பிலிம் முடிந்து வெறும் பலகையிலும்.

"போதும்" என்று அந்தக் கையின் மேல் என் கையை வைத்து அமுக்கினேன்.

நின்றது.

என் சுண்டுவிரலை ஏதோ பிடித்தது.

சில்லென்று... சின்னதாக...

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

எவ்வளவு நேரமோ தெரியாது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. விரலை விட்டுவிட்டது.

சார் டார்ச் அடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் குடையை மடக்கியபடி அப்பாதுரை. வெள்ளை வேட்டி, தங்கச் செயின் வாட்ச்.

"கரண்ட் எப்போம்மா போச்சு? மேப் முடிஞ்சுதா?" என்று சார் டார்ச்சை மேஜை மேல் திருப்பினார். அப்படியே நின்றுவிட்டார். "என்ன யூனிஸ் இது!"

அப்பாதுரை AMMA-வைப் பார்க்கவில்லை. அவர் கண் நேராகத் தென்மேற்கு மூலைக்குப் போனது. WEL. அந்த முகம் வெளுத்ததை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்.

"யாரு சொன்னா உனக்கு?" என்றார்.

எழுத்து ஏன் தப்பாக இருக்கிறது என்று கேட்கவில்லை. யார் கிறுக்கினது என்று கேட்கவில்லை. யார் சொன்னது என்றுதான் கேட்டார்.

"எதை சார்?" என்றேன்.

"அங்க கிணறெல்லாம் எதுவும் கெடையாது. சுரண்டு அதை."

"மாட்டேன்."

சார் பதறிப்போனார். "யூனிஸ், பேசாம இரும்மா. சார், நாளைக்கு வேற ஷீட் போட்டுக் கொடுத்துடறோம்."

"வேற ஷீட் போட்டாலும் அந்த இடத்துல கிணறுன்னுதான் எழுதுவேன்" என்றேன். "கிணறு இல்லன்னா உங்களுக்கு எதுக்கு சார் இப்படி வேர்க்குது?"

அப்பாதுரை மேஜை மேல் இருந்த பிளேடை எடுத்து, குனிந்து, அவரே சுரண்டத் தொடங்கினார்.

கிர்ர்...

பிளக் தரையில் கிடந்தது. மூன்று பேரும் பார்த்தோம். மெஷின் கை நீண்டது. பேனா மேலே எழும்பியது.

டக்.

அவர் புறங்கையில் இறங்கியது. அவர் போட்ட கத்தலில் கீழ்க் கடைக்காரர் வெளியே ஓடி வந்தார். குடையைக்கூட எடுக்காமல் மழையில் ஓடினார் அப்பாதுரை. 

சார் சுவரோடு ஒட்டி நின்றார். "கர்த்தரேன்னு சொல்லும்மா, முருகான்னு சொல்லும்மா, ஏதாவது சொல்லும்மா" என்றார். நான் மேப்பைச் சுருட்டிக் குழாய்க்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. சவுரிமுத்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு நேராக அந்த வயலுக்குப் போனேன். மேப் என்னிடம் இருக்கிறது, அளக்கவும் தெரியும். எல்லைக் கல்லிலிருந்து டேப் பிடித்தோம். டேப் போய் நின்ற இடத்தில் வெறும் புல். அண்ணன் கடப்பாரையால் குத்தினார். இரண்டாவது குத்திலேயே ணங் என்று கேட்டது.

கல் பலகைகள். மேலே ஒரு முழத்துக்கு மண் போட்டு மூடியிருந்தது.

போலீஸுக்கு நான்தான் போனேன். "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். "மேப் வரைஞ்சப்போ தெரிஞ்சுது" என்றேன். பொய் இல்லையே. தீயணைப்பு வண்டி வந்து தண்ணீரை இறைத்தது. சாயங்காலம் எலும்புகளை மேலே கொண்டுவந்தார்கள். கை எலும்பில் ஒரு வெள்ளிக் காப்பு இருந்தது.

ஊரே கூடியிருந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பெண் அந்தக் காப்பைப் பார்த்துவிட்டு மண்ணில் விழுந்து அழுதாள். கனகவல்லி என்று பெயர். இறந்தது அவள் அக்கா அம்மணி. அந்த நிலத்தில் குத்தகைக்குப் பயிர் வைத்தவள். மனை போட வேண்டும், காலி பண்ணு என்றபோது, "என்னை இதுலயே புதைச்சுட்டு அப்புறம் போடு" என்று களத்தில் நின்றவள். எட்டு வருஷமாக அவளைக் காணவில்லை. எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று அப்பாதுரை ஊரை நம்ப வைத்திருந்தார்.

அவரை விழுப்புரத்தில் பிடித்தார்கள். அம்மணியைக் கொன்றதை ஒப்புக்கொண்டார் என்று பேப்பரில் வந்தது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்துக் கனகவல்லி ஆபீஸுக்கு வந்தாள். நல்ல வெயில் நேரம். அந்த மேப்பைப் பார்க்க வேண்டும் என்றாள். விரித்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. இன்னா எழுதிகீது?"

"கிணறுன்னு இருக்கு. அப்புறம் அம்மா, அம்மான்னு."

"எந்த பாஷையில?"

"இங்கிலீஷ் எழுத்து."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க அக்கா கைநாட்டும்மா. தமிழே எழுதத் தெரியாது."



"அவ பொண்ணு பவுனுக்குத்தான் தெரியும்" என்றாள் கனகவல்லி. "ஒன்னாங் கிளாஸ். கான்வென்ட்டுல சேர்த்து வுட்டா எங்க அக்கா. எந்நேரமும் சுவத்துல கரியால ஏ பி சி டி போட்டுகினு இருக்கும். அன்னிக்கு ஆத்தா கூடத்தான் வயலுக்குப் போச்சு. ரெண்டு பேருமே திரும்பல. கெணத்துல ஒரே ஒரு ஆளுதான்னு போலீஸ்ல எழுதிட்டாங்க. கொழந்தையப் பத்திக் கேட்டா அந்தாளு வாயே தொறக்கல."

அவள் மேப்பின் மேல் கையை வைத்தாள். AMMA-க்களின் மேல்.

"அக்கா கெடந்தது வண்டலூரு பக்கம். இது ஏம்மா இங்க தாம்பரத்துல, இந்த வூட்டுல வந்து எழுதுச்சு?"

சாம்பசிவன் சார் தன் மேஜையிலிருந்து எழுந்தார். அவர் முகம் சரியாக இல்லை.

"யூனிஸ்... இந்தக் கட்டடம் முதல்ல அப்பாதுரையோடது. அவர்தான் கட்டினார். கட்டின கையோட வித்துட்டார். எனக்கே நேத்துதான் கீழ்க் கடைக்காரர் சொன்னார்."

"குழந்தை காணாமப் போனது எப்போ?" என்று கனகவல்லியிடம் கேட்டேன்.

"எம்பத்தொன்னு. சித்திரை மாசம்."

"சார், இதுக்கு அஸ்திவாரம் போட்டது எப்போ?"

சார் தரையைப் பார்த்தார். கனகவல்லியும் தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் குனிந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

தோண்டச் சொல்லி மனு கொடுத்தேன். ஒவ்வொரு ஆபீஸாக ஏறினேன். கடைசியாக ஒரு இன்ஜினியர் வந்து கீழே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தூணைக் காட்டி, "மத்த தூணுக்கு இல்லாத அளவுக்கு இதுக்கு மட்டும் கான்கிரீட் கொட்டியிருக்காங்க, ஏன்னு புரியல. ஆனா இதைத் தொட்டா முழுக் கட்டடமும் விழுந்துடும்மா" என்றார்.

"விழட்டும்" என்றேன்.

இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.